காசநோய் தீர்ந்த பின்னும் தீராத மூச்சிரைப்பு

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். வினாடி முள் உள்ள கடிகாரம் ஒன்றை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். பிறகு வாயை அகலத் திறந்து, உள்ளிருக்கும் காற்று முழுவதையும் இயன்ற வேகத்தில் வெளியே தள்ளுங்கள். நலமான இளைஞர் ஒருவர் தம் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை முதல் வினாடியிலேயே வெளியேற்றிவிடுவார். எஞ்சியது மெல்ல மெல்ல வரும். (இருமும்போது இரத்தம் வருபவர்களும் இதய நோய் உள்ளவர்களும் இச்சோதனையைச் செய்ய வேண்டாம், படித்தால் போதும்.)

இதில் இரண்டு அளவுகள் அடங்கியுள்ளன. மொத்தம் எவ்வளவு காற்று வெளிவந்தது என்பது ஒன்று. எவ்வளவு விரைவாக வந்தது என்பது மற்றொன்று. முதல் அளவை மருத்துவம் 1840களிலேயே கண்டுகொண்டது. இரண்டாவது அளவின் பொருள் விளங்க மேலும் நூறு ஆண்டுகள் ஆயின. காசநோயிலிருந்து மீண்டவர்களுக்கு அந்த இரண்டாவது அளவு எட்டுவதற்கோ இன்னும் நீண்ட காலம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் ஆய்வுக்கூட உதவியாளருக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் ஒரு நாளும் தவறாமல் மாத்திரை உண்டார். குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, இரண்டாம் மாடியிலுள்ள ஆய்வுக்கூடத்திற்கு ஏறும்போது மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கினார். பீடி, சிகரெட் எதையும் தொட்டறியாதவர். “காசம் போயிடுச்சு சார், போன மூச்சு மட்டும் திரும்பி வரல” என்றார். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்தார்கள். பழைய தழும்பின் நிழல் அப்படியே இருந்தது. சளியைச் சோதிக்காமலே மறுபடியும் காசநோய் மாத்திரைகளைத் தொடங்கிவிட்டார்கள். பின்னர் வேறோரிடத்தில் சளியைச் சோதித்தபோது கிருமி இல்லை. இல்லாத கிருமிக்கு நான்கு மாதம் மருந்து உண்டிருக்கிறார்! கடைசியில்தான் ஒருவர் அவரை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். அந்தக் கருவியின் பெயர் ஸ்பைரோமீட்டர். அது முதன்முதலில் பயன்பட்டதே காசநோயைக் கண்டறிவதற்குத்தான் என்று பின்னால் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

நீரில் மிதந்த மணி

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் காசநோய் பெருங்கொலையாளியாக விளங்கியது. நம் நாட்டில் எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் சொல்லி அஞ்சினோமே, அதே நோய்தான். 1816இல் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் லேனக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. 1819இல் அவர் வெளியிட்ட நூலில், மூச்சுக்குழல்கள் நிரந்தரமாக அகன்று சளி தேங்கும் நிலையை விவரித்தார். இன்று காசநோயின் பின்விளைவுகளுள் முதன்மையானதாக நாம் அறியும் மூச்சுக்குழல் அகல்வு நோய் அதுவே. லேனக்கும் 1826இல், தம் 45ஆம் வயதில், காசநோயாலேயே இறந்தார்.

செவியால் கேட்டதை எண்ணால் அளக்க வேண்டும் என்று எண்ணியவர் இங்கிலாந்தின் ஜான் ஹட்சின்சன். அவருடைய கருவியை நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிடலாம். நீர் நிறைந்த தொட்டியில் ஒரு பாத்திரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதன் எடையைச் சரிக்கட்டக் கப்பிகளின் வழியே எதிரெடை தொங்கும். குழாயில் ஊதினால் காற்று கவிழ்ந்த பாத்திரத்தினுள் சேரும், பாத்திரம் உயரும், உயர்ந்த அளவை அளவுகோலில் படித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

இந்தக் கருவியில் ஹட்சின்சன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதச் செய்தார். ஆழ்ந்த மூச்சுக்குப்பின் வெளியிடக்கூடிய மொத்தக் காற்றுக்கு உயிர்க் கொள்ளளவு என்று பெயரிட்டார். உயரம் கூடக்கூட அதுவும் ஒழுங்காகக் கூடுவதைக் கண்டார். எனவே, ஒருவருடைய உயரத்துக்குரிய அளவைவிட மூச்சு மிகக் குறைந்திருந்தால் உள்ளே ஏதோ கோளாறு இருக்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முன்பே காசநோயை இப்படிக் கண்டறியலாம் என்பது அவருடைய வாதம். 1846இல் இம்முடிவுகளை வெளியிட்டார்.

அவர் அளந்தவர்களுள் ஃப்ரீமன் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரும் ஒருவர். ஏறத்தாழ ஏழடி உயரம். 1842இல் முதன்முறை ஊதியபோது 434 கன அங்குலக் காற்று வெளிவந்தது. நம் கணக்கில் 7 லிட்டருக்கும் மேல்! இரண்டாண்டுகளில் அந்த அளவு இறங்கிவிட்டது. 1845இல் ஃப்ரீமன் காசநோயால் இறந்துபோனார்.

ஹட்சின்சன் பின்னர் ஆஸ்திரேலியா சென்று, 1861இல் பிஜித் தீவில் காலமானார். கருவி மட்டும் நிலைத்தது. ஆனால் அது விடையளித்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எவ்வளவு?” ஒருவர் ஒரே மூச்சில் தள்ளினாலும் பத்து வினாடி இழுத்து இழுத்துத் தள்ளினாலும் மணி ஒரே உயரத்தில்தான் போய் நிற்கும். “எவ்வளவு விரைவாக?” என்று அந்தக் கருவியை எவரும் கேட்கவில்லை.

கிருமியும் நிழலும்

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டார். இவ்விரண்டும் மாபெரும் கண்டுபிடிப்புகள், ஐயமில்லை. ஆயினும் இவற்றின் பின் மருத்துவரின் பார்வை நோயாளியின் மூச்சைவிட்டு நகர்ந்தது. சளியில் கிருமி உண்டா, படத்தில் நிழல் உண்டா என்ற இரண்டு கேள்விகளே முதன்மை பெற்றன.

மருந்தில்லாத அக்காலத்தில் ஓய்வும் நல்ல காற்றும் உணவுமே சிகிச்சை. அதற்காக ஐரோப்பாவில் தோன்றிய சானடோரியங்கள் நம்மிடமும் வந்தன. சென்னைக்கருகே தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய நிலையத்தின் பெயரையே இன்றும் அங்குள்ள ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. இன்னொரு புறம், நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்து ஓய்வு கொடுக்கும் முறைகள் பரவின. இத்தாலியின் ஃபோர்லானினி மார்புக் கூட்டுக்குள் வாயுவைச் செலுத்தி நுரையீரலை அமுக்கினார். பின்னர் விலா எலும்புகளையே வெட்டியெடுத்து மார்பைக் குழியச் செய்யும் அறுவையும் வந்தது. கிருமிக்குக் காற்று கிடைக்காமற் போயிற்று, மனிதனுக்கும்தான். இச்சிகிச்சைகளால் உயிர் தப்பிய பலர் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் பாதி மூச்சுடன் வாழ நேர்ந்தது. இந்த அறுவைகளுக்கு முன் எந்த நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிவது கட்டாயமாயிற்று. அதனால் ஸ்பைரோமீட்டர் சில காலம் காசநோய் மருத்துவர்களிடம் திரும்பி வந்தது. 1932இல் ஸ்வீடனில் ஜேக்கோபியஸ் குழுவினர் இரு நுரையீரல்களின் மூச்சையும் தனித்தனியே அளக்கும் முறையைக்கூட உருவாக்கினர்.

அதன்பின் மருந்துகள் வந்தன. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின், 1952இல் ஐசோனியாசிட். அறுவைக் கத்திகள் உறைக்குள் சென்றன. அவற்றோடு மூச்சளக்கும் கருவியும் காசநோய் நிலையங்களைவிட்டுப் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும்.

‘குணம்’ என்ற சொல்

இங்கே நம் சென்னை உலகுக்கே வழி காட்டியதைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி அமைத்த மையம் அது. வாலஸ் ஃபாக்ஸ் என்பார் தலைமையேற்றார். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களோ நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள், போதிய உணவில்லை, ஓய்வும் இல்லை. ஆயினும் மருந்து ஒழுங்காக உண்டவரை அவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு சானடோரியக் காலத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தது எனலாம். இலட்சக்கணக்கானோர் தொழிலையும் குடும்பத்தையும் விடாமல் சிகிச்சை பெற இது வழி திறந்தது.

இந்த ஆய்வில் ‘குணம்’ என்பதற்குத் திட்டவட்டமான அளவுகோல் இருந்தது: சளியில் கிருமி அற்றுப்போதல். அது சரியான அளவுகோலே. நோய் பிறருக்குப் பரவுமா, மீண்டும் தலைதூக்குமா என்பதைச் சளிதான் சொல்லும். குறை அளவுகோலில் இல்லை. அதற்கு அப்பால் எதையும் கேட்காமல் ஏட்டை மூடிவிட்டதில்தான் இருக்கிறது. கிருமி அற்றவர் மாடி ஏறுகிறாரா, மூட்டை தூக்குகிறாரா, வயலுக்குப் போகிறாரா என்பதற்கு அந்த ஏட்டில் கட்டமில்லை.

இதே காலத்தில் பாரிஸில் ‘எவ்வளவு விரைவாக?’ என்ற கேள்வி பிறந்திருந்தது. 1947இல் டிஃபெனோ, பினெல்லி என்ற இருவர் ஒரு வினாடிக்குள் வெளிவரும் காற்றைத் தனியே அளந்தனர். அந்த ஒரு வினாடி அளவை மொத்த அளவால் வகுத்தால் கிடைக்கும் விகிதம், குழல் அடைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். நுரையீரல் சிறுத்துப்போனால் இரண்டு அளவுகளும் சேர்ந்து குறையும்; விகிதம் அப்படியே நிற்கும். குழல்கள் குறுகினால் விகிதம் விழும். பொதுவாக அது நூற்றுக்கு 70க்குக் கீழ் இறங்கினால் அடைப்பு என்று கொள்கிறார்கள்.

இந்த அளவைக் காசநோயிலிருந்து மீண்டவர்களிடம் எடுத்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். 1960களிலும் 1971இலும் அமெரிக்கச் சானடோரிய நோயாளிகளைப் பற்றி ஆய்வுகள் வந்தன. சுருங்கிய நுரையீரலை மட்டுமே எதிர்பார்த்த இடத்தில் அடைப்பும் நிறையவே இருந்தது. பலர் புகைப்பவர்கள், ஆகவே பழியைப் புகையின் மேல் போட இடமிருந்தது. 1989இல் தென்னாப்பிரிக்காவில் வில்காக்ஸ், ஃபெர்குசன் இருவரும் சிகிச்சை முடித்த 71 பேரை ஆராய்ந்தபோது 48 பேருக்கு மூச்சுக்குழல் அடைப்பு இருந்தது. 2000ஆம் ஆண்டில் அதே நாட்டின் தங்கச் சுரங்கத் தொழிலாளர் 27,660 பேரின் கணக்கு வெளியாயிற்று. ஒருமுறை காசநோய் வந்தவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கு நீடித்த மூச்சுக் குறைபாடு. இருமுறை வந்தவர்களில் 27.1, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை வந்தவர்களில் 35.2. படிக்கட்டு போல ஏறுகிறது பாருங்கள்! நோய் கண்டறிந்த முதல் ஆறு மாதங்களில்தான் மூச்சிழப்பு மிகுதி என்றும், ஓராண்டுக்குப்பின் அது ஓரளவு நிலைத்துவிடுகிறது என்றும் அவ்வாய்வு காட்டியது. தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் விலை உண்டு என்று இதற்குப் பொருள்.

2007இல் இலத்தீன் அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களில் பொதுமக்களை வீடு வீடாகச் சோதித்த ஆய்வு வெளிவந்தது. முன்பு காசநோய் வந்தவர்களில் 30.7 விழுக்காட்டினருக்கும் வராதவர்களில் 13.9 விழுக்காட்டினருக்கும் அடைப்பு இருந்தது. புகை, தூசி, வயது எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பின்னும் வேறுபாடு மறையவில்லை. காசநோய் தானாகவே மூச்சுக்குழலை அடைக்க வல்லது என்பதை இதற்குமேல் மறுப்பது கடினம்.

குழலின் ஆரம்

ஏன் அடைகிறது? இங்கே இயற்பியல் கைகொடுக்கும்.

ஹட்சின்சன் தம் ஆய்வை வெளியிட்ட அதே 1846இல், பாரிஸ் மருத்துவரான பாய்சூய் குழலில் பாயும் திரவம் பற்றிய தம் விரிவான கட்டுரையை வெளியிட்டார். பட்டப்படிப்பில் நாம் படித்த விதிதான்: அழுத்தம் மாறாதிருந்தால், ஓட்டம் குழலின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆரம் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறைந்தாலும், 0.8 என்ற எண்ணை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், 0.41. ஓட்டத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது! (இவ்விதி சீரான ஓட்டத்துக்கு உரியது. பெரிய மூச்சுக்குழல்களில் காற்று சுழித்து ஓடுவதால் நிலைமை இன்னும் சிக்கலானது.)

காசநோய் இந்த ஆரத்தைப் பல வழிகளில் தாக்குகிறது. சிலருக்குக் கிருமி மூச்சுக்குழலின் உட்சுவரிலேயே புண்ணாக்கும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கிக் குழலை இறுக்கும். சிலருக்கு வீங்கிய நிணநீர்க் கட்டிகள் வெளியிலிருந்து நெருக்கும். வேறு சில இடங்களில் சுவரின் தசையும் மீள்நாரும் அழிந்து குழல் அகன்று போகும். அங்கே சளி தேங்கி, வேறு கிருமிகள் குடியேறி, இருமல் ஓயாது. லேனக் கண்டது இதைத்தான்.

இன்னொரு வழி சற்று நுட்பமானது. நுண்ணிய மூச்சுக்குழல்களுக்குத் தாமே நிமிர்ந்து நிற்கும் வலு கிடையாது. பந்தலின் துணியை நாற்புறமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவது போல, சுற்றியுள்ள நுரையீரல் நார்கள்தாம் அவற்றை இழுத்துத் திறந்து வைத்திருக்கின்றன. காசநோயில் உடல் கிருமியோடு போரிடும்போது, நம் வெள்ளணுக்களே சுரக்கும் புரதம் வெட்டும் என்சைம்கள் இந்த நார்களையும் வெட்டித் தள்ளுகின்றன. கயிறு அறுந்த பந்தல் சரிகிறது. காற்றை வேகமாக வெளியே தள்ளும்போது மார்பின் அழுத்தம் நலிந்த குழலை மேலும் நசுக்குகிறது. நனைந்த காகித ஸ்ட்ராவில் பழச்சாற்றைப் பலமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அதுபோல. பலமாக ஊதுவதால் பயனில்லை. காற்று உள்ளேயே சிறைப்படுகிறது.

இதனால்தான் உதட்டைக் குவித்து, மெல்லச் சீழ்க்கை அடிப்பது போல மூச்சுவிடும் பயிற்சி உதவுகிறது. வாயில் ஒரு தடையை வைத்தால் குழலின் உட்புற அழுத்தம் சற்று உயர்கிறது. குழல் ஒட்டாமல் திறந்திருக்கிறது. காசு செலவில்லாத சிகிச்சை. அதன் பின்னே நல்ல இயற்பியல்.

ஊமத்தைப் புகையிலிருந்து

குறுகிய குழலை மருந்தால் விரிக்கும் முயற்சிக்குச் சென்னையோடு பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஊமத்தையின் புகையை இழுத்தால் இரைப்பு தணியும் என்பது இங்கே வழக்கிலிருந்த அறிவு. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் மூலம் இதை அறிந்த ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி 1802இல் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அங்கே ஊமத்தை இனத்து இலைகளை வைத்துச் சுருட்டிய சிகரெட்டுகள் நூறாண்டுக்கும் மேலாக ஆஸ்துமாவுக்கு விற்பனையாயின. ஊமத்தை கொடிய நஞ்சு. யாரும் முயன்று பார்க்க வேண்டாம். 1830களில் இவ்வினச் செடிகளிலிருந்து அட்ரோபின் பிரித்தெடுக்கப்பட்டது. மூச்சுக்குழலைச் சுருக்கும் நரம்பின் கட்டளையை அது தசையிடம் சேரவிடாமல் தடுக்கிறது. அட்ரோபினை வேதியியலார் திருத்தி, இரத்தத்தில் அதிகம் கலக்காமல் குழலிலேயே வேலை செய்யும் இப்ராட்ரோபியத்தை 1970களில் தந்தனர். 2002இல் வந்த டையோட்ரோபியத்தை நாளுக்கு ஒருமுறை இழுத்தால் போதும்.

மற்றொரு குடும்பம் அட்ரினலின் வழி வந்தது. அது தசையைத் தளர்த்துகிறது. 1969இல் விற்பனைக்கு வந்த சால்பியூட்டமால் இதில் புகழ்பெற்றது. மருந்தை அளவாகப் பீய்ச்சும் கைக்கருவியோ 1956இல் அமெரிக்காவில் வந்துவிட்டது. ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம் ஆஸ்துமா இருந்த அவருடைய பதின்மூன்று வயது மகள், ‘கூந்தல் தைலம் தெளிப்பானில் வருகிறதே, என் மருந்தும் அப்படி வந்தால் என்ன?’ என்று கேட்டதில் பிறந்த எண்ணம் அது.

சரி, இந்த மருந்துகள் காசநோய்த் தழும்புள்ள நுரையீரலில் வேலை செய்யுமா? நியாயமான ஐயம். தழும்பை எந்த மருந்தும் தளர்த்தாது, தசையைத்தான் தளர்த்தும். இம்மருந்துகளைப் பரிசோதித்த பெரிய ஆய்வுகளில் காசநோய்த் தழும்பு உள்ளவர்கள் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. ஆகவே புகையால் வந்த நோய்க்குக் கிடைத்த முடிவுகளையே இவர்களுக்கும் கடனாகப் பயன்படுத்தி வந்தனர். 2017இல் தென்கொரியாவில் இருந்து வந்த ஆய்வு ஒரு விதிவிலக்கு. காசநோயால் நுரையீரல் சிதைந்து அடைப்பு ஏற்பட்ட 136 பேருக்கு எட்டு வாரம் இன்டகாட்டெரால் என்ற மருந்தையோ வெறும் பொடியையோ கொடுத்தனர். மருந்து பெற்றவர்களின் ஒரு வினாடி மூச்சு மற்றவர்களைவிட 140 மில்லிலிட்டர் கூடியது. சிறிய எண்தான். ஆனால் ஆரத்தின் நான்காம் அடுக்கை நினைவில் கொள்ளுங்கள்: ஆரம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே ஓட்டம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ஒன்றரை லிட்டர் மூச்சுடன் வாழ்பவருக்கு 140 மில்லிலிட்டர் என்பது ஒரு மாடிப்படி வரிசை.

இழுக்கும் ஸ்டீராய்டு மருந்தின் கதை வேறு. ஆஸ்துமாவுக்கு அது உயிர்காப்பது. ஆனால் 2007இல் வெளியான பெரியதொரு பன்னாட்டு ஆய்வில், நாட்பட்ட அடைப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது நிமோனியா கூடியது தெரிந்தது. ஸ்டீராய்டு நோயெதிர்ப்பைத் தணிக்கும் பொருள் அல்லவா? ஆகவே முன்பு காசநோய் வந்திருந்தால், அடைப்பு நோய்க்கு இதைக் கொடுக்குமுன் நன்கு தயங்க வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. இரைப்பு என்றதும் எல்லோருக்கும் ஒரே இன்ஹேலரை எழுதிக் கொடுப்பது சரியன்று. நோயாளியும், ‘எனக்கு முன்பு காசநோய் வந்தது’ என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடுகளில் அந்தச் சொல்லையே உச்சரிக்க மாட்டார்கள். அந்த மௌனத்தின் விலையை நுரையீரல் கொடுக்கிறது.

மருந்தைவிட உடற்பயிற்சி சிலருக்கு அதிகம் உதவுகிறது. உகாண்டாவின் கம்பாலாவில் காசநோயிலிருந்து மீண்டவர்களுக்கு ஆறு வாரம் நடையும் தசைப் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் அளித்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி அவர்கள் நடக்கக்கூடிய தொலைவு தெளிவாகக் கூடியிருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. புகையை நிறுத்துவதும், விறகடுப்புப் புகையிலிருந்து விலகுவதும், நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளும் இதே வரிசையில் சேரும். ஒன்று மட்டும் மறக்கலாகாது. சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் அடைப்பு என்று எண்ணி இன்ஹேலரோடு நின்றுவிடக் கூடாது. காசநோய் திரும்பியிருக்கலாம், பழைய குழிகளில் காளான் வளர்ந்திருக்கலாம். முதலில் சளியைச் சோதிக்க வேண்டும்.

2019இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷ் நகரில் காசநோய்க்குப் பிந்திய நுரையீரல் நோய்க்கென்றே முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. லேனக்கின் நூல் வெளிவந்து சரியாக 200 ஆண்டுகள்! 2020இல் உலகில் காசநோயிலிருந்து மீண்டு உயிருடன் இருந்தோர் சுமார் 15.5 கோடிப் பேர் என்று ஒரு மதிப்பீடு கூறுகிறது. 2021இல் வந்த இன்னொரு கணக்கின்படி, காசநோய் மனிதரிடமிருந்து பறிக்கும் நலவாழ்வு ஆண்டுகளில் 47 விழுக்காடு, நோய் தீர்ந்த பின் வரும் பாதிப்பாலும் இறப்பாலும் போகிறது. 2023இல்தான் நாட்பட்ட மூச்சடைப்பு நோய்க்கான பன்னாட்டு அறிக்கை, காசநோய் முதலிய தொற்றுகளால் வரும் அடைப்பைத் தனி வகையாகப் பெயரிட்டது. நம் நாட்டுத் திட்டத்திலும் சிகிச்சை முடிந்தபின் இரண்டாண்டுகள், ஆறு மாதத்துக்கொருமுறை கவனிக்க வேண்டும் என்று விதி உண்டு. அது பெரும்பாலும் நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதற்கே. அதே நாளில் ஒரு குழாயில் ஊதச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். இன்றைய ஸ்பைரோமீட்டரில் தொட்டியும் இல்லை, கப்பியும் இல்லை, கைப்பிடிக்குள் அடங்குகிறது.

எங்கள் உதவியாளர் ஊதிய தாளை எனக்குக் காட்டினார். மொத்தம் 2.6 லிட்டர், முதல் வினாடியில் 1.3. விகிதம் சரியாகப் பாதி. மருந்தை இழுத்தபின் ஊதியதில் 1.5. “இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல என்ன சார் வித்தியாசம்?” என்று கேட்டார். கரும்பலகையில் குழல் ஒன்றை வரைந்து, ஆரத்தைக் குறித்து, நான்காம் அடுக்கை எழுதிக் காட்டினேன். இருபது ஆண்டுகளாக அந்த அறையில் மாணவர்களுக்கு இதே சோதனைக்கு நீரும் நுண்குழாயும் எடுத்து வைத்தவர் அவர். இப்போது முதல் மாடி ஜன்னலருகே ஒரே ஓர் இடத்தில் நின்று, உதட்டைக் குவித்து நான்கு முறை மூச்சுவிட்டு, பிறகு மேலே வருகிறார்.